தம்பி கேட்கும் ஜாமீன் கையெழுத்தும் வேதம் சொல்லும் இரக்கமும்

கேள்வி: எங்கள் சபையில் பெண்களுக்கான வேதபாட வகுப்பை நடத்துகிறேன். இந்த மாதப் பாடம் "இரக்கம்". இரக்கம், மனதுருக்கம், கிருபை எல்லாம் ஒன்றுதானா என்று ஒரு சகோதரி கேட்டார். "கிடைக்கவேண்டிய தண்டனை கிடைக்காமல் போவது இரக்கம், தகுதியில்லாத நன்மை கிடைப்பது கிருபை" என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். எனக்கே திருப்தியில்லை. இதற்கிடையில் என் தம்பி, மூன்று முறை என்னிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவன், இப்போது ஒரு பெரிய கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறான். தயங்கினால், "இரக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவளுக்கு இரக்கம் இல்லையே" என்கிறான். வீட்டில் படுக்கையாக இருக்கும் மாமியாரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். செய்யவேண்டியது எல்லாம் செய்கிறேன், ஆனால் மனம் உருகுவதே இல்லை. இது இரக்கத்தில் சேருமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பியைக் கைவிடச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு உங்கள் முதல் கேள்விக்குள் போயாகவேண்டும், ஏனென்றால் தம்பி உங்கள்மேல் வீசுகிற "இரக்கம்" என்ற சொல்லும் வேதத்தில் இருக்கிற சொல்லும் ஒன்றல்ல.

பழைய ஏற்பாட்டில் இரண்டு எபிரெயச் சொற்களைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று ரஹமீம், உள்ளுக்குள் எழுகிற இரக்கம். கருப்பை என்று பொருள்படும் ரெஹெம் என்ற சொல்லோடு பிறந்தது. சாலொமோன் முன்னால் இரண்டு பெண்கள் ஒரு பிள்ளைக்காக வழக்காடினார்களே, அங்கே பெற்றவளைப் பற்றி நம் பழைய மொழிபெயர்ப்பு "தன் பிள்ளைக்காக அவள் குடல் துடித்ததினால்" என்கிறது (1 இராஜாக்கள் 3:26). அந்தத் "துடித்த" பொருள்தான் மூலத்தில் ரஹமீம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று சொல்லிப் பழகிய நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் வகுப்பில் ஒரு எச்சரிக்கை: இது தாய்க்கு மட்டும் உரிய சொல் என்று சொல்லிவிடாதீர்கள். "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல" என்ற சங்கீதம் 103:13-லும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது.

மற்றது ஹெசெத். எபிரெய வேதத்தில் 240 முறைக்கு மேல் வருகிறது. இது ஒரு நேரத்து உணர்ச்சியைக் குறிக்கிற சொல் அல்ல. உறவுக்குள், உடன்படிக்கைக்குள் நிற்கிறவர் மற்றவரைக் கைவிடாமல், கடமையின் அளவையும் தாண்டிச் செய்கிற நன்மை. விதவையான மருமகள்கள் இருவரும் தனக்கும் இறந்துபோனவர்களுக்கும் செய்ததை நகோமி இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறாள் (ரூத் 1:8).

தமிழில் நமக்கு ஏன் குழப்பம் வருகிறது என்பது இங்கேதான் இருக்கிறது. ஹெசெத் என்ற ஒரே சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு இடத்துக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிச் சொல்கிறது. யாத்திராகமம் 34:6-ல் "மகா தயை". அடுத்த வசனத்திலேயே "ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்". சங்கீதம் 136-ல் 26 வசனங்களிலும் "கிருபை". அதையே திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு "பேரன்பு" என்கிறது. இவற்றைவிட ஓசியா ஆறாம் அதிகாரத்தை விரலால் தொட்டுப் படியுங்கள். நான்காம் வசனம்: "உங்கள் பக்தி காலையில் காணும் மேகத்தைப்போலவும், விடியற்காலையில் தோன்றும் பனியைப்போலவும் ஒழிந்துபோகிறது." ஆறாம் வசனம்: "பலியை அல்ல இரக்கத்தையும்..." அங்கே "பக்தி", இங்கே "இரக்கம்". மூலத்தில் இரண்டும் ஹெசெத். வெயில் ஏறியதும் பனிபோல மறைந்துவிடுகிறதே உங்கள் ஹெசெத், நான் விரும்புவதோ அதைத்தான் என்று தேவன் வாதாடுகிறார். தமிழில் படிக்கும்போது இந்த வாதத்தின் கண்ணி அறுந்துபோகிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரே சொல் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால் "இங்கே கிருபை என்று இருக்கிறது, அங்கே இரக்கம் என்று இருக்கிறது, ஆகவே இரண்டும் வேறு" என்று தமிழ்ச் சொல்லை வைத்தே பாடம் கட்டினால் கட்டடம் மணல்மேல் நிற்கும்.

இதைச் சோதிக்க எபிரெயம் படிக்கவேண்டியதில்லை. ஸ்ட்ராங்ஸ் எண்கள் (மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கிற எண்) உள்ள கன்கார்டன்ஸ் அல்லது வேதாகம ஆப் ஒன்று போதும். எபிரெயப் பகுதியில் ஹெசெத் 2617, ரஹமீம் 7356. கிரேக்கப் பகுதியில் இரக்கம் என்று வருகிற எலெயொஸ் 1656, மனதுருகுவதைச் சொல்கிற ஸ்ப்ளாங்க்னிசொமாய் 4697, கிருபை என்று வருகிற காரிஸ் 5485. எண்ணைத் தொட்டால் அந்தச் சொல் வருகிற எல்லா வசனங்களும் வரிசையாக வரும். ஐந்து வசனங்களை முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற அர்த்தப் பட்டியலில் பிடித்ததைப் பொறுக்கி எடுத்து எல்லா வசனத்திலும் திணிப்பதுதான் இந்தக் கருவியால் வருகிற வழக்கமான தவறு.

எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஹெசெத்துக்குப் பெரும்பாலும் எலெயொஸ் என்று போட்டார்கள். அதனால் மத்தேயு 9:13-ல் இயேசு "பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதின் கருத்து இன்னதென்று போய்க் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, அந்த இரக்கத்துக்குப் பின்னால் ஓசியாவின் ஹெசெத் நிற்கிறது. "போய்க் கற்றுக்கொள்" என்பது யூத போதகர்கள் மாணவர்களிடம் சொல்கிற வழக்கு. வேதத்தைக் கற்றுத் தேர்ந்தவர்களிடம் அதைச் சொல்கிறார். ஆயக்காரரோடு, அதாவது வரி வசூலிக்கிறவர்களோடு, உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அந்த ஆயக்காரரும் அதே உடன்படிக்கைக்குள் பிறந்த சகோதரர்கள்தானே, அவர்களை விட்டுவிட்டு என்ன பலி செலுத்துகிறீர்கள் என்பது அவருடைய பதில்.

மனதுருக்கம் தனிச் சொல். ஸ்ப்ளாங்க்னிசொமாய், வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளின் பெயரிலிருந்து வந்த வினை. புதிய ஏற்பாட்டில் 12 முறைதான்: மத்தேயுவில் 5, மாற்குவில் 4, லூக்காவில் 3. மூன்று உவமைகளில் ராஜாவுக்கும் சமாரியனுக்கும் தகப்பனுக்கும் வருகிறது. மற்ற ஒன்பதும் இயேசுவைப் பற்றியவை. பிரசங்கங்களில் "குடலே கலங்கியது" என்று இதை நீட்டிப் பேசுவார்கள். அளவோடு செய்யுங்கள். "மனதுருகி" என்று சொல்லும்போது நாம் மெழுகை நினைப்பதில்லை. அன்று அந்தச் சொல்லைப் பேசியவர்களும் ஒவ்வொரு தடவையும் குடலை நினைத்திருக்கமாட்டார்கள். வேர்ச்சொல்லைவிட, அதற்கு அடுத்து வருகிற வினையைப் பாருங்கள். மனதுருகி, கையை நீட்டித் தொட்டார். மனதுருகி, உபதேசிக்கத் தொடங்கினார். மனதுருகி, பாடையைத் தொட்டார். தகப்பன் மனதுருகி ஓடினான். உருகினதோடு நின்ற வசனம் கிடையாது. இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், எரிகோ வழியில் ஆசாரியனும் லேவியனும்கூடக் காயப்பட்டவனைக் "கண்டு"தான் விலகிப்போனார்கள். சமாரியனும் கண்டான், ஆனால் "கிட்ட வந்தான்".

இப்போது நீங்கள் வகுப்பில் சொன்ன வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். பாதி சரி. எபிரெயர் 4:16 "இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபையை அடையவும்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, ஆக அவை அப்படியே ஒன்றல்ல. ஆனால் "தண்டனை கிடைக்காமல் போவது" என்ற இலக்கணம் எரிகோ வாசலிலேயே உடைகிறது. "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கத்திய குருடனுக்கு என்ன தண்டனை தள்ளுபடியானது? அவன் கேட்டது பார்வை. இரக்கம் குற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை, படுகிற பாட்டையும் பார்க்கிறது. அந்தப் பாட்டில் குற்றமும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கிருபை கொடுக்கிறவரின் தாராளத்தைச் சொல்கிறது, இரக்கம் பெறுகிறவரின் நிலைமையைப் பார்க்கிறது, மனதுருக்கம் அந்த நிலைமை பார்ப்பவருக்குள் செய்கிற கலக்கம், ஹெசெத் அந்தக் கலக்கம் அடங்கின பிறகும் கைவிடாமல் நிற்பது. ஒவ்வொரு வசனத்துக்கும் இது கச்சிதமாகப் பொருந்தாது, ஆனால் யாரையும் தவறான பக்கம் கொண்டுபோகாது.

தம்பி விஷயம். மத்தேயு 18-ஐ முழுவதுமாக எடுத்துக்கொள்ளுங்கள், உவமையை மட்டும் பிய்த்து எடுக்காமல். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா மன்னித்தார், அவனோ நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு பணம் கூலியாளின் ஒருநாள் சம்பளம் (மத்தேயு 20:2). வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் முதல் கடன் இரண்டு லட்சம் வருடக் கூலி. இரண்டாவது நூறு நாள் கூலி. கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து ஏரோது அந்திப்பாவுக்கு வருடத்துக்கு 200 தாலந்து கட்டின என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அந்தக் கணக்கில் ராஜா தள்ளிவிட்டது அந்தப் பகுதிகளின் ஐம்பது வருட வரி. கடன்பட்டவன் கேட்டதோ தவணைதான்: "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." கேட்காத தள்ளுபடி கிடைத்தது.

மன்னித்தால் கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. அந்த நஷ்டத்தை ராஜா ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு என்றால் "இந்த நஷ்டம் என்னுடையது" என்று தெரிந்தே சொல்வது. அதனால்தான் மன்னிக்கிறவருக்குத் தொகை எவ்வளவு என்று தெரிந்திருக்கவேண்டும். உவமையே கணக்குப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. அதே அதிகாரத்தில், அந்த உவமைக்கு முன்னால், குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ச் சொல்லவேண்டும், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஒழுங்கு இருக்கிறது (15, 16 வசனங்கள்). கடிந்துகொள்வதும் மன்னிப்பதும் ஒரே அதிகாரத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

"கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்" என்று லூக்கா 6:35 சொல்கிறதே என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்பார்கள். தம்பியும் கேட்கலாம். அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: திரும்பி வராது என்று தெரிந்தும் கொடு. அப்படியானால் திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடியதைத்தான் கொடுக்க முடியும். ஜாமீன் இதற்கு நேர் எதிர். கையில் இல்லாத பணத்தை, நாளைக்கு யாரோ கேட்கும்போது கொடுப்பேன் என்று இன்றைக்கே எழுதிக் கொடுப்பது. நீதிமொழிகள் 22:26, 27 இதைப் பட்டென்று சொல்கிறது: கடனுக்குப் பிணைப்படாதே, செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான். உங்கள் வீட்டில் அந்தப் படுக்கையில் படுத்திருப்பது உங்கள் மாமியார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிணை நிற்பதே பாவம் என்று நான் எழுதமாட்டேன், வேதம் அப்படிச் சொல்லவில்லை. பென்யமீனுக்காக யூதா தன்னையே பிணையாக வைத்தான். பிலேமோனின் அடிமையான ஒநேசிமு எதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பவுல் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான். ஆனால் பவுல் ஏற்றுக்கொண்டது ஏற்கெனவே நடந்து முடிந்த கணக்கை. இனி ஒநேசிமு வாங்கப்போகிற கடனுக்கு அவன் கையெழுத்துப் போடவில்லை. அதே கடிதத்தில் பிலேமோனிடம், உன் நன்மை கட்டாயத்தினால் அல்ல, மனப்பூர்வமாய் இருக்கவேண்டும் என்கிறான். "உனக்கு இரக்கம் இல்லையே" என்று குத்திக் காட்டி வாங்கும் கையெழுத்து எந்த வகையில் சேரும் என்று தம்பியிடம் கேட்கவேண்டாம், நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். வேதத்தில் இரக்கத்தைக் கெஞ்சிக் கேட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு வரவேண்டிய பாக்கி என்று அதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

செய்யவேண்டியது இது. பழைய மூன்று கடனையும் ஒரு தாளில் தனித்தனியாக எழுதுங்கள். வீட்டுப் பணம் என்பதால் கணவரோடு உட்கார்ந்து, எதை நஷ்டமாக ஏற்றுக்கொள்ள முடியும் என்று பாருங்கள். முடிந்ததைத் தம்பியிடம் பெயர் சொல்லி, தொகை சொல்லி விட்டுவிடுங்கள்: "இதை மன்னித்துவிட்டேன், இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்." சொன்ன பிறகு அடுத்த சண்டையில் அதை வெளியே எடுத்தால், நீங்கள் மன்னிக்கவில்லை, வட்டிக்கு வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம். ஏற்றுக்கொள்ள முடியாததை மன்னித்தேன் என்று வாயளவில் சொல்லாதீர்கள். சிறு தவணையாவது பேசி எழுதிக்கொள்ளுங்கள். அது இரக்கக் குறைவு அல்ல. ஜாமீனுக்கு, மற்றவர் இல்லாத நேரத்தில், தொலைபேசியில் அல்லாமல் நேரில், ஒரே வாக்கியத்தில் முடியாது என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும்.

அதோடு நிறுத்தாமல், வேறு எதைச் செய்யமுடியும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். சமாரியன் இரண்டு பணத்தை, இரண்டு நாள் கூலியை, காயப்பட்டவன் கையில் கொடுக்கவில்லை. சத்திரத்தான் கையில் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள் என்றான். அதிகமானால் தருவேன் என்றும் சொன்னான். அது ஜாமீன் மாதிரி இல்லையா என்றால், கொஞ்சம் அப்படித்தான். ஆனால் எதற்கான செலவு என்று அவனுக்குத் தெரியும், திரும்பி வந்து நேரில் பார்க்கப்போவதும் அவனே. அப்படி, தம்பியின் பிள்ளைகளின் படிப்புச் செலவோ வீட்டு வாடகையோ உங்களால் தாங்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்து, கட்டவேண்டிய இடத்தில் நேரடியாகக் கட்டுங்கள். கடன் கணக்கில் வேண்டாம், கொடையாக இருக்கட்டும்.

கோபப்படுவான். சில மாதம் பேசாமலும் இருப்பான். அதற்குள் மனம் இளகிக் கையெழுத்துப் போடப் போய்விடாதீர்கள். அதே நேரம் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் அழைப்பதை நிறுத்தாதீர்கள். ஹெசெத் அங்கேதான் வேலை செய்கிறது.

மாமியார் விஷயத்தில் உங்களையே நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள், அதை வாசித்தபோது வருத்தமாக இருந்தது. சமாரியன் கதை முடிந்ததும் இவர்களில் யார் அயலான் என்று இயேசு கேட்டார். கதையைக் கேட்டுக்கொண்டிருந்த நியாயசாஸ்திரி "மனதுருகினவன்" என்று சொல்லவில்லை, "இரக்கஞ்செய்தவனே" என்றான். இரக்கம் அங்கே செயலாகத்தான் எண்ணப்பட்டது. இரண்டு வருடம் தினமும் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, மருந்து கொடுக்கிற கைக்குள் ஹெசெத் இருக்கிறது. உருக்கம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் கல்நெஞ்சம் அல்ல, களைப்பு. திரளான ஜனங்களைக் கண்டு மனதுருகின இயேசு, அதற்குச் சற்று முன்புதான் சீஷர்களைப் பார்த்து, தனித்த இடத்துக்குப் போய் இளைப்பாறலாம் வாருங்கள் என்றார் (மாற்கு 6:31). கூட்டத்தை அனுப்பிவிட்டு ஜெபிக்க மலைக்குத் தனியாகப் போனார். சமாரியனும் மறுநாள் சத்திரத்தானிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். ஒப்படைப்பது கைவிடுவது ஆகாது.

ஆகவே நாத்தனாரிடமோ கணவரிடமோ, "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "புதன் மாலை நான்கு முதல் ஏழு வரை நீங்கள் இருங்கள், நான்கரைக்கு மாத்திரை, ஐந்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும், ஆறரைக்குக் கஞ்சி" என்று எழுதிக் கையில் கொடுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் வகுப்புக்குத் தயார் செய்யவேண்டாம், சமைக்கவும் வேண்டாம். தூங்குங்கள். நான்கு புதன்கிழமை கழிந்த பிறகும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது ஆவிக்குரிய குறை என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளவேண்டாம்.

வகுப்புக்கு இன்னும் ஒரு வாரம் மிச்சமிருந்தால் யோனா நான்காம் அதிகாரத்தை எடுங்கள். நினிவே பட்டணத்தைத் தேவன் அழிக்காமல் விட்டதும், "நீர் இரக்கமும் மன உருக்கமும்" உள்ளவர் என்று தெரியும், அதனால்தான் நான் ஓடிப்போனேன் என்று தேவனிடமே கோபப்படுகிறான் யோனா. யாத்திராகமம் 34:6-ன் வார்த்தைகளையே குற்றச்சாட்டாக வீசுகிறான். யாருக்கு இரக்கம் கிடைக்கக்கூடாது என்று நாம் உள்ளுக்குள் நினைக்கிறோம் என்று கேட்டுவிட்டு, சகோதரிகளுக்கு ஐந்து நிமிடம் அமைதியாகக் கொடுங்கள். யாரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள்.